சொந்தப் பாட்டுத் தொகுப்புக்கு ஏற்ற இசைச் செயலி எது?

பாகான்_இசைப்பிரியர் (பட்டர்வொர்த்)

அனைவருக்கும் வணக்கம். திறன்பேசியில் பாட்டுக் கேட்பதற்கு நல்ல செயலி எது என்று இங்கே முன்பும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த உரையாடல்கள் எல்லாம் எந்த இணையச் சேவைக்குச் சந்தா கட்டலாம் என்பதில் போய் முடிந்துவிட்டன. என் தேவை வேறு என்பதால் தனியாகக் கேட்கிறேன்.

என்னிடம் இருப்பவை பினாங்குத் தீவில் மார்க்கெட் ஸ்திரீட் பக்கத்துக் கடைகளில் பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த குறுந்தட்டுகளும் ஒலிநாடாக்களும்தாம். அவற்றை நானும் என் தங்கை மகனுமாகக் கணினிக்கு மாற்றி, அங்கிருந்து ஆண்ட்ராய்டு திறன்பேசியின் நினைவக அட்டையில் ஏற்றி வைத்திருக்கிறோம். பழைய திரைப்பாடல்கள், கர்நாடக இசைக் கச்சேரிகள், தைப்பூச நாள்களில் கேட்கும் முருகன் பாடல்கள், நம் நாட்டுக் கலைஞர்கள் ஒலிநாடாவாக மட்டுமே வெளியிட்ட பாடல்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் சமயச் சொற்பொழிவுகள் என்று எல்லாமே அதில் உண்டு.

திறன்பேசியோடு வந்த செயலியில் எனக்குப் பல இடைஞ்சல்கள் உள்ளன. எல்லாக் கோப்புகளையும் ஒரே நீண்ட பட்டியலாகக் கொட்டிவிடுகிறது. புலனத்தில் (வாட்ஸ்அப்) உறவினர்கள் அனுப்பிய குரல் செய்திகள்கூடப் பாட்டுகளுக்கு நடுவில் வந்து ஒலிக்கின்றன. சொற்பொழிவை ஃபெரியில் பாதி கேட்டு நிறுத்தினால், மாலையில் வீடு திரும்பும்போது அது மறுபடியும் முதலிலிருந்தே தொடங்குகிறது. திரைப்பாடல்களை இசையமைப்பாளர் வாரியாகக் கேட்பதுதான் என் வழக்கம். அதற்கு அந்தச் செயலியில் வழியே இல்லை.

விளம்பரம் இல்லாமல், இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் இயங்குகிற, தமிழ்ப் பெயர்களை ஒழுங்காகக் காட்டுகிற செயலி எது? ஒலித் தரத்திலும் செயலிக்குச் செயலி வேறுபாடு உண்டா? பணம் கட்டித்தான் வாங்க வேண்டும் என்றால் ஒரு முறை கட்டுவதற்கு எனக்குத் தயக்கமில்லை. மாதந்தோறும் கட்டுவதைத்தான் தவிர்க்க விரும்புகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ்_நிரலர் (கோலாலம்பூர்)

வணக்கம் ஐயா. நீங்கள் சொல்லும் இடைஞ்சல்களில் பாதி செயலியைச் சார்ந்தது, மற்றப் பாதி கோப்புகளைச் சார்ந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் செயலியை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் அதே ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஒவ்வோர் எம்பி3 கோப்பின் உள்ளேயும் பாட்டோடு சேர்த்துச் சில குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும். பாட்டின் தலைப்பு, பாடியவர், இசையமைத்தவர், தொகுப்பின் பெயர், ஆண்டு, தடத்தின் வரிசை எண் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பெரும்பாலான செயலிகள் கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை, இந்தக் குறிப்புகளைத்தான் பார்க்கின்றன. நம்மிடையே கைமாறி வந்த தமிழ்ப் பாட்டுக் கோப்புகளில் இவை பெரும்பாலும் தாறுமாறாகவே இருக்கும். பாடியவர் இடத்தில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும், இசையமைப்பாளர் இடம் காலியாக இருக்கும், தொகுப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஓர் இணையத்தளத்தின் முகவரி இருக்கும். ஒலிநாடாவிலிருந்து மாற்றியவற்றில் எந்தக் குறிப்புமே இருக்காது. இந்த நிலையில் எந்தச் செயலியாலும் உங்களுக்கு இசையமைப்பாளர் பட்டியலைக் காட்ட முடியாது.

ஆகவே முதலில் கோப்புறை வாரியாகப் பாட்டுகளைக் காட்டும் செயலியைத் தேர்ந்தெடுங்கள். கணினியில் நீங்கள் எப்படிக் கோப்புறைகளாகப் பிரித்து வைத்தீர்களோ அப்படியே திறன்பேசியிலும் அவை தெரியும். உள்ளே குறிப்பு இல்லாத கோப்பும் தொலைந்துபோகாது. குறிப்புகளைப் பின்னர் ஓய்வு கிடைக்கும்போது திருத்திக்கொள்ளலாம்.

என் பரிந்துரை மியூசிகோலெட். ஆண்ட்ராய்டுக்கு மட்டுமே உள்ளது; விளம்பரம் இல்லை. இணையத்தை அணுகுவதற்கான அனுமதியைக்கூட அது கேட்பதில்லை என்பதால், உங்கள் தொகுப்பைப் பற்றிய எந்தத் தகவலும் வெளியே போவதற்கு வழியில்லை. கோப்புறை, தொகுப்பு, பாடியவர் என்று தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. இசையமைப்பாளர் பட்டியலும் உண்டு. குரல் செய்திகள் இருக்கும் கோப்புறையை ஒரு முறை விலக்கிவிட்டால் போதும், அவை பிறகு பட்டியலில் தலைகாட்டா.

சொற்பொழிவுக்கு அதில் உள்ள ஒரு வசதி மிகவும் உதவும். ஒரே வரிசைக்குப் பதிலாகப் பல வரிசைகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. சொற்பொழிவுக்கு ஒன்று, திரைப்பாடலுக்கு ஒன்று, கச்சேரிக்கு ஒன்று என்று வைத்தால், ஒவ்வொன்றும் தான் நின்ற இடத்தை நினைவில் வைத்திருக்கும். காலையில் ஃபெரியில் சொற்பொழிவை நிறுத்திவிட்டு, பகலில் முருகன் பாடல்களைக் கேட்டு, மாலையில் சொற்பொழிவு வரிசைக்குத் திரும்பினால் நிறுத்திய இடத்திலிருந்தே தொடரும். பெரும்பாலான செயலிகளில் புதிதாக ஒன்றைத் தொட்டவுடன் பழைய வரிசை அழிந்துவிடும். நீண்ட உரைகளைக் கேட்பவர்களுக்கு இது எத்தனை பெரிய வேறுபாடு என்பது பயன்படுத்தினால்தான் தெரியும்.

செயலியை நிறுவியதும் திறன்பேசியின் மின்கல அமைப்பில் அதற்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று குறித்துவிடுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று சில திறன்பேசிகள், திரை அணைந்த சிறிது நேரத்தில் பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடுகின்றன. பாட்டு பாதியில் நின்றால் பலரும் செயலியைத்தான் குறை சொல்கிறார்கள். காரணம் அந்த அமைப்பாக இருக்கக்கூடும்.

பாயான்லெப்பாஸ்_ஒலி (பினாங்கு)

ஒலித் தரம் பற்றிய கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். அதில்தான் தவறான நம்பிக்கைகள் அதிகமாக உலவுகின்றன.

ஒரே எம்பி3 கோப்பை இரண்டு செயலிகளில், எந்த ஒலிச் சீரமைப்பும் இல்லாமல், ஒரே ஒலியளவில் கேட்டால் வேறுபாடு தெரியாது. கோப்பைப் பிரித்து ஒலியாக மாற்றும் வேலையை எல்லாச் செயலிகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே செய்கின்றன. ஒரு செயலியில் பாட்டு தெளிவாக ஒலிப்பதாகத் தோன்றினால், அது ஒலியைச் சற்றுக் கூட்டியிருக்கும், அல்லது கனத்த ஒலியையும் கூர்மையான ஒலியையும் நம்மைக் கேட்காமலே ஏற்றியிருக்கும். சற்று உரக்க ஒலிப்பதைத் தரமானதாக எடுத்துக்கொள்வது காதின் இயல்பு. ஆகவே ஒப்பிடும்போது முதலில் ஒலியளவைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். திறன்பேசியின் அமைப்பிலேயே ஒலியை மெருகேற்றும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

உண்மையான வேறுபாடு கோப்பில்தான் இருக்கிறது. குறுந்தட்டில் ஒரு நிமிட இசை ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் பிடிக்கும். அதையே விநாடிக்கு 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் ஏறத்தாழ 1 மெகாபைட்டாகச் சுருங்கும். 320 கிலோபிட் என்றால் 2.4 மெகாபைட். சுருக்கும்போது எறியப்பட்ட ஒலி திரும்பி வராது. 128 கிலோபிட் கோப்பை 320 ஆக்கினாலும், ஒலியை இழக்காமல் சேமிக்கும் ஃபிளாக் வடிவம் ஆக்கினாலும் கோப்பு பெருக்கும், ஒலி மாறாது. உங்கள் குறுந்தட்டுகள் இன்னும் கைவசம் இருந்தால், நீங்கள் மிகவும் விரும்பும் கச்சேரிகளை மட்டுமாவது ஃபிளாக் வடிவில் மறுபடி மாற்றிக்கொள்ளுங்கள். எந்தச் செயலியை வாங்கினாலும் கிடைக்காத முன்னேற்றம் அதில் கிடைக்கும். ஒலிநாடாவிலிருந்து எடுத்தவற்றுக்கு இந்தச் சிரமம் தேவையில்லை. நாடாவின் இரைச்சலைத் துல்லியமாகச் சேமிப்பதால் பயன் ஒன்றும் இல்லை.

ஐயாவின் தொகுப்பைப் போல் பல காலத்துப் பதிவுகள் கலந்திருக்கும்போது செயலியில் நான் முதலில் தேடுவது ஒலியளவைச் சமன்செய்யும் வசதியைத்தான். 1960-களின் பதிவு மெல்லியதாக ஒலிக்கும். அடுத்து வரும் இந்தக் காலத்துப் பாட்டு காதைப் பிளக்கும். இதற்காக 2001-இல் முன்வைக்கப்பட்ட முறைதான் ரீப்ளேகெய்ன். கணினியில் உள்ள மென்பொருள் ஒன்று ஒவ்வொரு பாட்டும் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று அளந்து, எவ்வளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்பதை ஓர் எண்ணாகக் கோப்பின் குறிப்புகளில் எழுதிவைக்கும். பாட்டின் ஒலி மாற்றப்படுவதில்லை. ஒலிக்கச் செய்யும் நேரத்தில் செயலி அந்த எண்ணைப் படித்து ஒலியளவைச் சரிசெய்யும்.

இதில் இரண்டு வகை உண்டு. தனிப்பாட்டு அளவு ஒவ்வொரு பாட்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவரும். திரைப்பாடல்களுக்கு அது பொருத்தம். தொகுப்பு அளவு, தொகுப்பு முழுவதையும் ஒன்றாகக் கருதிக் கூட்டும் அல்லது குறைக்கும். கச்சேரிக்குக் கட்டாயம் இரண்டாவதையே வையுங்கள். இல்லாவிட்டால், மெல்ல எழும் ஆலாபனையும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் உச்சத்தைத் தொடும் இடமும் ஒரே உரப்பில் வந்துவிடும். அந்தக் கலைஞர் கட்டியெழுப்பிய ஏற்ற இறக்கம் தரைமட்டமாகிவிடும்.

கணினியில் இந்த அளவைக் கணக்கிட ஃபூபார்2000 போதும். திறன்பேசியில் அதே பெயரில் உள்ள இலவசச் செயலியும் பவராம்ப் செயலியும் இந்த எண்ணைப் படிக்கும். பவராம்ப் ஆண்ட்ராய்டுக்கு மட்டுமே உரியது. சில நாள்கள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு ஒரு முறை வாங்கினால் போதும், மாதச் சந்தா இல்லை. நுணுக்கமான ஒலிச் சீரமைப்பும் கோப்புறைப் பார்வையும் இசையமைப்பாளர் பட்டியலும் அதில் உண்டு. அமைப்புகள் மிகுதி என்பதால் பழக நாளாகும். ஒலியில் அக்கறை உள்ளவர் என்றால் அந்தச் சிரமத்துக்கு அது தகுதியானது என்பது என் கருத்து.

இன்னொன்று: ஊடலை (புளூடூத்) செவிப்பொறியில் கேட்பதாக இருந்தால், திறன்பேசி பாட்டை மறுபடி ஒரு முறை சுருக்கித்தான் அனுப்புகிறது. நல்ல கோப்பின் முழுப் பயனும் கம்பி வழியாகக் கேட்கும்போதுதான் கிடைக்கும்.

பாகான்_இசைப்பிரியர் (பட்டர்வொர்த்)

இருவருக்கும் மிக்க நன்றி. மியூசிகோலெட்டை நிறுவிப் பார்த்தேன். குரல் செய்திகள் ஒழிந்தன, சொற்பொழிவும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இந்த இரண்டுக்காகவே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் தமிழ்ப் பெயர்களில் மூன்று சிக்கல்கள் தெரிகின்றன. சில பழைய கோப்புகளின் பெயர்கள் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரிகின்றன. சிலவற்றில் வெறும் கேள்விக்குறிகளே வருகின்றன. மூன்றாவதுதான் எனக்குப் புரியவே இல்லை: டி.எம். சௌந்தரராஜன் என்ற பெயர் பாடகர் பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தனித்தனியே வருகிறது. கண்ணுக்கு எழுத்துகள் ஒன்றாகவே தெரிகின்றன. பெயரைத் தட்டெழுதித் தேடினால் பாதிப் பாடல்கள்தாம் வருகின்றன. இது செயலியின் கோளாறா?

பிரிக்பீல்ட்ஸ்_நிரலர் (கோலாலம்பூர்)

செயலியின் கோளாறு அன்று ஐயா. மூன்றுக்கும் மூன்று காரணங்கள் உள்ளன.

குப்பையாகத் தெரிபவை யூனிகோட் என்னும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை பரவுவதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகள். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்திருந்தன. திஸ்கி, டாப், டாம், பாமினி என்று முறைகளும் பல. உரிய எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் அடியில் உள்ள ஐரோப்பிய எழுத்துகளே தெரியும். தகவல் அழியவில்லை என்பது ஆறுதலான செய்தி. அந்த வரியை நகலெடுத்து, பழைய குறியீட்டை யூனிகோடாக மாற்றும் கருவியில் ஒட்டினால் பெயர் வந்துவிடும். எந்த முறை என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

கேள்விக்குறிகள் வருபவற்றில் தகவலே போய்விட்டது. எம்பி3 குறிப்புகளின் முதல் பதிப்பு, கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் எழுதப்படுவது. அதில் தலைப்புக்கு 30 பைட்டுதான் இடம். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும் என்பதால், இடுக்கி நுழைத்தாலும் பத்துக் குறியீடுகளுக்கு மேல் கொள்ளாது. போதாக்குறைக்கு அது ஐரோப்பிய எழுத்துகளை மட்டுமே எதிர்பார்க்கும் அமைப்பு. ஏதோ ஒரு மென்பொருள் தமிழை அதற்குள் எழுத முயன்று, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டிருக்கிறது. இவற்றை மறுபடி தட்டெழுதத்தான் வேண்டும். விண்டோஸ் கணினியில் எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள் இதற்கு மிகவும் ஏற்றது. அதன் அமைப்பில் குறிப்புகளை இரண்டாம் பதிப்பில் யூனிகோடாக எழுதும்படியும், முதல் பதிப்பை நீக்கும்படியும் வைத்துவிடுங்கள்.

திறன்பேசியிலேயே திருத்துவதாக இருந்தால் செல்லினம் விசைப்பலகை உங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை 1985-இல் தொடங்கிய நம் நாட்டு முத்து நெடுமாறன் அவர்கள் உருவாக்கியது அது. தமிழில் குறிப்பு எழுத நினைப்பவர் எவருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

மூன்றாவதற்கு வருகிறேன். பெயரின் முதல் எழுத்தான சௌ-வை இரண்டு வகையாகத் தட்டெழுத முடியும். சரியான முறையில் ச என்னும் எழுத்தோடு ஔகார உயிர்க்குறி என்ற ஒரே குறியீடு சேரும். இன்னொரு முறையில் சிலர் செ என்று எழுதி, பக்கத்தில் ள என்னும் உயிர்மெய் எழுத்தை வைத்துவிடுகிறார்கள். திரையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கணினிக்கோ அவை வேறு வேறு சொற்கள். நீங்கள் சரியாகத் தட்டெழுதித் தேடும்போது, தவறாக எழுதப்பட்டவை அகப்படுவதில்லை. தலைப்பெழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டது ஒன்று, விடாதது ஒன்று, டி.எம்.எஸ். என்று சுருக்கியது ஒன்று என்று அவையும் சேரும்போது ஒரே பாடகர் பல பேராகப் பிரிந்துவிடுகிறார்.

எம்பி3டேக் மென்பொருளில் எல்லாக் கோப்புகளையும் தேர்ந்தெடுத்து, பழைய வடிவத்தைத் தேடிப் புதிய வடிவமாக ஒரே நேரத்தில் மாற்றலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: முழுப் பெயரைக் கொடுத்து மாற்றுங்கள், எழுத்தை மட்டும் கொடுத்து மாற்றாதீர்கள். கௌரி என்ற பெயரும் பௌர்ணமி என்ற சொல்லும் இதே சிக்கலில் மாட்டுபவை. ஆனால் அதே இணைப்பு வெள்ளி, தெள்ளமுது போன்ற எத்தனையோ நல்ல சொற்களில் முறையாகவே வருகிறது. வெ-யையும் ள-வையும் கண்ட இடத்திலெல்லாம் ஔகாரமாக்கும்படி கட்டளை கொடுத்தால், வெள்ளி என்று தொடங்கும் தலைப்புகள் அத்தனையும் சிதைந்துபோகும்.

இசையமைப்பாளர் பெயரையும் இதே கையோடு ஒழுங்குபடுத்திவிடுங்கள். விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரும் 1965 வரை சேர்ந்து இசையமைத்தவர்கள், பிறகு தனித்தனியே பணியாற்றியவர்கள். இரட்டையராகச் செய்தவற்றுக்கு ஒரு பெயர், தனியாகச் செய்தவற்றுக்கு ஒரு பெயர் என்று முதலிலேயே முடிவு செய்து எழுதினால், அந்தக் காலத்துப் பாடல்களை நீங்கள் விரும்புகிறபடி பிரித்துக் கேட்கலாம்.

சலங்கை_செந்தூல் (கோலாலம்பூர்)

நான் செந்தூலில் பரதநாட்டியம் கற்பிக்கிறேன். என்னிடம் இருப்பது ஐபோன் என்பதால், மேலே சொன்ன மியூசிகோலெட்டும் பவராம்ப்பும் எனக்குப் பயன்படா. என்னைப் போன்றவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஐபோனோடு வரும் இசைச் செயலி ஃபிளாக் கோப்புகளை ஏற்றுக்கொள்ளாது. அவற்றைக் கணினியில் ஆப்பிளின் இழப்பற்ற வடிவத்துக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். இரண்டுமே இழப்பற்றவை என்பதால் தரம் குறையாது. மாற்றவும் ஒத்திசைக்கவும் பொறுமை இல்லாதவர்களுக்கு வி.எல்.சி. நல்லது. இலாப நோக்கமற்ற வீடியோலேன் அமைப்பின் செயலி அது. விளம்பரம் கிடையாது, ஆண்ட்ராய்டிலும் உண்டு. அதில் வைஃபை வழிப் பகிர்வைத் திறந்தால் ஒரு முகவரி தெரியும். அதே வைஃபையில் உள்ள கணினியின் உலாவியில் அந்த முகவரியைத் தட்டெழுதி, கோப்புகளை இழுத்துப் போட்டால் திறன்பேசிக்கு வந்து சேர்ந்துவிடும். கம்பியும் வேண்டாம், ஒத்திசைவும் வேண்டாம்.

வகுப்பில் எனக்கு இன்றியமையாதது வேகத்தை மாற்றும் வசதி. ஜதியைப் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குப் பாட்டை முக்கால் வேகத்தில் ஓடவிடுகிறேன். சுருதி மாறாமல் காலப்பிரமாணம் மட்டும் குறைவதால், பிள்ளைகளின் காதில் பாட்டின் சுருதி கெடாமல் பதிகிறது. ஒலிநாடாக் காலத்தில் வேகத்தைக் குறைத்தால் குரலும் கனத்துக் கீழே இறங்கிவிடும். இன்று அந்தக் கவலை இல்லை. நடனமோ வாய்ப்பாட்டோ கற்பவர் வீட்டில் இருந்தால், செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கட்டாயம் சோதித்துப் பாருங்கள்.

கச்சேரி கேட்கும் ஐயாவுக்கு இன்னொரு செய்தி. ராகம் தானம் பல்லவியைக் குறுந்தட்டில் மூன்று தடங்களாகப் பிரித்திருப்பார்கள். தானம் முடிந்து பல்லவி தொடங்கும் இடத்தில் தம்புராவின் நாதம் அறுபடாமல் தொடர வேண்டும். ஆனால் எம்பி3 ஆக்கும்போது ஒலி ஏறத்தாழ 26 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டப்படுகிறது. கடைசித் துண்டு நிறையாவிட்டால் மீதி இடம் மௌனத்தால் நிரப்பப்படும்; தொடக்கத்திலும் சிறிது மௌனம் சேரும். அந்த மௌனத்தைக் கழித்துவிட்டு இடைவெளியின்றி இசைக்கும் திறன் செயலிக்கு இருக்க வேண்டும். வி.எல்.சி-யில் எனக்கு அந்த இடத்தில் சிறு வெட்டு கேட்கிறது. ஆகவே வகுப்புக்கு வி.எல்.சி., கச்சேரிக்கு ஃபூபார்2000 என்று இரண்டையும் வைத்திருக்கிறேன். ஃபூபார்2000 ஐபோனுக்கும் கிடைக்கிறது. ஃபிளாக் கோப்பையும் நேரடியாக ஏற்கிறது.

செராஸ்_வாசகர் (கோலாலம்பூர்)

கேள்வி கேட்டவர் சந்தா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆயினும் இணையச் சேவைகளை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை என்று கருதுகிறேன். ஸ்போட்டிஃபை 2013-இல் மலேசியாவுக்கு வந்தது. குறிப்புகளைத் திருத்துவது, நினைவக அட்டையில் ஏற்றுவது போன்ற உழைப்பு எதுவும் இல்லாமல், தேடியவுடன் பாட்டு கிடைப்பது பெரிய வசதிதான். புதிய பாடல்களை அறிமுகம் செய்துகொள்வதற்கும் அதைவிட எளிய வழி இல்லை.

அதன் எல்லைகளையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சந்தா கட்டிப் பாடல்களைத் திறன்பேசியில் இறக்கி வைத்தாலும், 30 நாள்களுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைய வேண்டும். சந்தாவை நிறுத்தினால் இறக்கியவையும் கேட்காது. உரிமம் மாறும்போது நேற்று வரை கேட்ட பாட்டு இன்று சாம்பல் நிறமாகிக் கிடக்கும். இறக்காமல் நேரடியாகக் கேட்டால், விநாடிக்கு 320 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 144 மெகாபைட் செலவாகும். நம் நாட்டுக் கலைஞர்களின் பழைய ஒலிநாடாப் பாடல்கள் பல எந்தச் சேவையிலும் ஏறவே இல்லை. அவை ஐயாவிடமும் அவரைப் போன்ற சிலரிடமும் மட்டுமே இருக்கக்கூடும் என்பதால், அவர் தம் கோப்புகளைப் பேணுவது சரியான முடிவு என்றே சொல்வேன்.

பாகான்_இசைப்பிரியர் (பட்டர்வொர்த்)

எல்லாருக்கும் நன்றி. நான் எடுத்த முடிவு இது: அன்றாடம் கேட்பதற்கும் சொற்பொழிவுக்கும் மியூசிகோலெட், கச்சேரிக்கு ஃபூபார்2000. பவராம்ப்பையும் இலவச நாள்களில் சோதித்துப் பார்ப்பேன். குறிப்புகளைத் திருத்தும் வேலையை நம் நாட்டுக் கலைஞர்களின் கோப்புறையிலிருந்து தொடங்கப்போகிறேன். செராஸ் அன்பர் சொன்னதைப் படித்த பிறகு அதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை. நாடா உறைகள் இன்னும் என்னிடம் இருப்பதால், பாடியவர், இசையமைத்தவர், வாத்தியக் கலைஞர்கள் பெயர்களையெல்லாம் அவற்றைப் பார்த்தே எழுத முடியும்.

கடைசியாக இரண்டு ஐயங்கள். புது நினைவக அட்டை வாங்குவதாக இருந்தால் எந்த அளவு போதும்? என் காரின் திரையில் தமிழ்ப் பெயர்கள் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. அதற்கு வழி உண்டா?

பிரிக்பீல்ட்ஸ்_நிரலர் (கோலாலம்பூர்)

128 ஜிகாபைட் அட்டை தாராளமாகப் போதும். 320 கிலோபிட் தரத்தில் நான்கு நிமிடப் பாட்டு ஏறத்தாழ 9.6 மெகாபைட் என்பதால், பன்னிரண்டாயிரம் பாடல்களுக்கு மேல் கொள்ளும். அட்டையைச் செருகியதும், அதைத் திறன்பேசியின் உள் நினைவகமாக்கவா, கையடக்கச் சேமிப்பாக வைக்கவா என்று சில திறன்பேசிகள் கேட்கும். இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் அட்டை மறையாக்கம் செய்யப்பட்டு, அந்த ஒரு திறன்பேசியில் மட்டுமே படிக்க முடியும். திறன்பேசி பழுதானால் அட்டையில் உள்ளவையும் போய்விடும். கணினியில் உள்ள மூலக் கோப்புகளை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். ஒலிநாடாவிலிருந்து மாற்றியவற்றுக்கு வெளி வன்தட்டில் இன்னொரு நகலும் எடுத்து, அதை வேறு வீட்டில், உங்கள் தங்கை மகனிடம் கொடுத்து வையுங்கள்.

காரின் திரையில் கட்டங்கள் வருவதற்குக் காரணம் அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லாமைதான். திறன்பேசியில் எதை மாற்றினாலும் அது தீராது. உங்கள் காரில் ஆண்ட்ராய்டு ஆட்டோ இருந்தால் அதன் வழியாக இணையுங்கள். அப்போது திரையில் தெரிவதை வரைந்து அனுப்புவது திறன்பேசி என்பதால், தமிழ் ஒழுங்காகத் தெரியும். மியூசிகோலெட்டும் அதில் இயங்கும். அந்த வசதி இல்லாத கார் என்றால், காருக்கென்று ஒரு யுஎஸ்பி விரலியில் கோப்புகளின் நகலை ஏற்றி, அந்த நகலில் மட்டும் தலைப்புகளை ரோமன் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மூலக் கோப்புகளில் தமிழ் அப்படியே இருக்கட்டும்.